அறுவை சிகிச்சைக்குப் பிறகு அட்டை விடுகிறார்கள்: கிருமித்தொற்று பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துண்டான விரலை மீண்டும் ஒட்டிக்கொண்டவர்கள், கட்டியை எடுத்த இடத்தில் உடலின் வேறொரு பகுதியிலிருந்து சதையும் தோலும் எடுத்து வைத்துத் தைத்துக்கொண்டவர்கள் என்று சிலரிடம், மருத்துவர் ஒருநாள் வந்து "அட்டை விட வேண்டியிருக்கும்" என்பார். கேட்டவுடன் வருவது அருவருப்பு. அது அடங்கிய பிறகுதான் உருப்படியான கேள்வி வரும்: தண்ணீரில் வாழும் ஒரு புழுவைப் புதுத் தையல் மேல் விட்டால் கிருமி ஏறாதா? ஏறலாம். எந்தக் கிருமி, எவ்வளவு ஆபத்து, தடுக்க என்ன செய்கிறார்கள் என்று நோயாளிகளும் கூட இருப்பவர்களும் கேட்பவற்றுக்கான பதில்கள் இங்கே.

இவ்வளவு மருந்து இருக்கும் காலத்தில் அட்டை எதற்கு?

ஒட்டிய பகுதிக்கு இரத்தம் உள்ளே வர தமனி வேண்டும், வெளியே போக சிரை வேண்டும். அறுவை சிகிச்சையில் இரண்டையும் நுண்ணோக்கியின் கீழ் இணைக்கிறார்கள். சிரையின் சுவர் மெல்லியது, சுலபமாக அமுங்கும், உள்ளே இரத்தம் உறையும். விரல் நுனி, காது மாதிரி இடங்களில் இணைப்பதற்கு ஏற்ற சிரையே சில சமயம் கிடைக்காது. அப்போது இரத்தம் வந்துகொண்டே இருக்கும், வெளியேற வழி இருக்காது. அந்த இடம் ஊதா நிறமாகி, வீங்கி, கடைசியில் செத்துப்போகும்.

மீண்டும் திறந்து சிரையைச் சரிசெய்ய முடிந்தால் அதுதான் முதல் வழி. முடியாதபோது அட்டை. அது குடிக்கும் இரத்தம் 5 முதல் 15 மில்லிதான். ஆனால் அதன் எச்சிலில் ஹிருடின் என்ற பொருளும் வேறு சிலவும் இருக்கின்றன. இவை இரத்தத்தை உறையவிடாது. அட்டை விழுந்த பிறகும் கடிவாயிலிருந்து பல மணி நேரம், சிலருக்கு ஒரு நாளுக்கு மேலும், இரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். உண்மையான பலன் இந்தக் கசிவில்தான். சில நாட்களில் புதிய நுண்குழாய்கள் வளர்ந்து இரத்தம் தானே வெளியேற வழி பிறக்கும். அதுவரை ஓட்டிவிடுவதுதான் அட்டையின் வேலை.

இது நாட்டு மருத்துவம் ஏதோ தவறிப்போய் வார்டுக்குள் வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். 1960-இல், இன்று ஸ்லோவேனியா நாட்டின் தலைநகரான லியூப்லியானா நகர அறுவை சிகிச்சையாளர்கள் இதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். 1985-இல் பாஸ்டனில் டாக்டர் ஜோசஃப் அப்டன், நாய் கடித்துத் துண்டான ஒரு சிறுவனின் காதை ஒட்டி, அட்டை விட்டுக் காப்பாற்றியது உலகச் செய்தியானது. 2004-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அட்டையை 'மருத்துவ சாதனம்' என்ற வகையில் விற்க அனுமதித்தது. நெளிகிற சாதனம்!

சரி, அந்தக் கிருமி எது? எங்கே இருக்கிறது?

ஏரோமோனாஸ். ஆறு, குளம், ஈரமண் எல்லாவற்றிலும் இருக்கும் பாக்டீரியா வகை. பழைய மருத்துவக் கட்டுரைகளில் 'ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா' என்றே பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். பிறகு நுணுக்கமாகப் பார்த்தபோது, அட்டையின் குடலில் நிரந்தரமாகக் குடியிருப்பது அதன் நெருங்கிய உறவான 'ஏரோமோனாஸ் வெரோனி' என்று தெரியவந்தது. அட்டையின் பெயரிலும் அதே குழப்பம் நடந்தது. 'ஹிருடோ மெடிசினாலிஸ்' என்று பெயரிட்டு விற்றவற்றில் பல, உண்மையில் 'ஹிருடோ வெர்பானா' என்று 2007-இல் மரபணு ஆய்வு காட்டியது.

இந்தக் கிருமி அட்டைக்கு நோய் அல்ல, கூட்டாளி. அட்டை ஒருமுறை வயிறு முட்டக் குடித்த இரத்தத்தை மாதக்கணக்கில் வைத்துச் செரிக்கும். அதற்கு இந்தக் கிருமி உதவுகிறது என்றும், வேறு கிருமிகள் உள்ளே புகுந்து இரத்தத்தைக் கெட்டுப்போகச் செய்யாமல் தடுக்கிறது என்றும் கருதுகிறார்கள். ஆக, 'சுத்தமான இடத்தில் வளர்த்த அட்டை' என்றாலும் கிருமி இல்லாத அட்டை என்று பொருள் இல்லை. ஆரோக்கியமான அட்டையின் குடலில் ஏரோமோனாஸ் இருக்கத்தான் செய்யும்.

சில தொற்றுகளில் செராஷியா, விப்ரியோ, புரோட்டியஸ், மார்கனெல்லா போன்றவையும் பிடிபட்டிருக்கின்றன. ஆனாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஏரோமோனாஸைத்தான்.

அட்டையை நன்றாகக் கழுவிவிட்டு வைத்தால் போதாதா?

போதாது. கிருமி வெளித்தோலின் வழவழப்பிலும் இருக்கும், ஆனால் அதன் கோட்டை குடல். வெளிப்புறத்தைக் கிருமிநாசினிக் கரைசலில் கழுவினால் மேலே இருப்பது குறையும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். கடுமையான கரைசலில் போட்டால் அட்டை சோர்ந்து கடிக்காமலும் போகும். ஆன்டிபயாடிக் கலந்த திரவத்தை அட்டைக்கே ஊட்டிக் குடலைச் சுத்தப்படுத்தும் முயற்சிகளும் ஆய்வுக்கூடங்களில் நடந்தன. கிருமி குறைந்தது. ஆனால் அதை நம்பி நோயாளிக்கு மருந்து தராமல் விடலாம் என்ற நிலை இன்னும் வரவில்லை.

எத்தனை பேருக்குத் தொற்று வருகிறது?

வெளியான ஆய்வுத் தொகுப்புகளில் சுமார் 2 முதல் 20 சதவீதம் வரை பல எண்கள் இருக்கின்றன. தடுப்பு ஆன்டிபயாடிக் தந்தார்களா, எந்த மருந்து, எந்த மாதிரி நோயாளிகள் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. ஒரே ஒரு சதவீதத்தைச் சொல்லி ஆறுதல்படுத்துகிறவர்களையும் பயமுறுத்துகிறவர்களையும் நான் நம்ப மாட்டேன். சரியான மருந்தை முன்கூட்டியே தொடங்கிய இடங்களில் எண் கீழே இருக்கிறது என்பது மட்டும் தெளிவு.

தொற்று வந்தால் என்ன ஆகும்?

முதல் அடி ஒட்டிய பகுதிக்குத்தான். அட்டை விட்டவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேருக்கு ஒட்டிய பகுதி பிழைக்கிறது என்று தொகுப்புகள் சொல்கின்றன. தொற்று வந்தவர்களில் அது 30 சதவீதம் அல்லது அதற்கும் கீழே இறங்கிவிடுவதாக 1990-களிலேயே எழுதினார்கள். எதைக் காப்பாற்ற அட்டை விட்டோமோ அதையே இழக்க நேரலாம்.

சுற்றியுள்ள தோலில் பரவி செல்லுலைடிஸ் (தோலும் அதன் அடித்திசுவும் சிவந்து வீங்கும் தொற்று) ஆகலாம், உள்ளே சீழ்க்கட்டி கட்டலாம், எலும்பு வரை இறங்கலாம். அரிதாக இரத்தத்தில் கலந்து, உடல் முழுவதையும் பாதிக்கும் செப்சிஸ் ஆகும், அப்போது உயிருக்கே ஆபத்து.

எல்லா அறுவை சிகிச்சைக்கும் ஆன்டிபயாடிக் தருகிறார்களே, அதுவே இதற்கும் போதாதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். போதாது.

அறுவை சிகிச்சைக்கு வழக்கமாகத் தருவது தோலில் இருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிகளைக் குறிவைத்த மருந்து. பெரும்பாலும் செஃபசோலின் மாதிரி முதல் தலைமுறை செஃபலோஸ்போரின். ஏரோமோனாஸ் இதை மதிக்காது. ஆம்பிசிலின், அமாக்சிசிலின் இரண்டுக்கும் அது இயல்பிலேயே அடங்காது. அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மாத்திரையையும் இந்தக் கிருமி விஷயத்தில் நம்ப முடியாது. நோயாளியின் சார்ட்டில் 'ஆன்டிபயாடிக் போய்க்கொண்டிருக்கிறது' என்று இருக்கும், எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள், ஆனால் அது இந்தக் கிருமிக்கான மருந்தாக இருக்காது. அட்டைத் தொற்றில் நான் மிகவும் பயப்படுவது இந்தப் பொய்யான நிம்மதியைத்தான்.

வழக்கமாகத் தேர்ந்தெடுப்பவை: சிப்ரோஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல், செஃப்ட்ரையாக்சோன் போன்ற மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின். சில மருத்துவமனைகள் இவற்றில் இரண்டைச் சேர்த்துத் தருகின்றன. எது யாருக்கு என்பது நோயாளியின் வயது, ஒவ்வாமை, சிறுநீரகம், மற்ற மருந்துகள் எல்லாவற்றையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கோட்ரைமாக்சசோல் சல்ஃபா மருந்து. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவரும் அப்படியே. சிப்ரோஃப்ளாக்சசினும் கோட்ரைமாக்சசோலும் வார்ஃபரினின் வீரியத்தைக் கூட்டும். ஏற்கெனவே கசிந்துகொண்டிருக்கும் கடிவாயில் அது சின்ன விஷயமில்லை.

சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அடங்காத கிருமியும் இருக்கிறதாமே?

இருக்கிறது. நீண்ட காலம் நம்பிக்கையான மருந்தாக இருந்தது, பிறகு அதையும் மீறிய தொற்றுகள் வரத் தொடங்கின. காரணத்தைத் தேடிப் போன கதை சுவாரசியமானது. அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று 2018-இல் வெளியானது. விற்பனைக்கு வந்த சில அட்டைகளின் குடலில் மிகச் சிறிய அளவில் சிப்ரோஃப்ளாக்சசின் இருப்பதை அவர்கள் கண்டார்கள். பண்ணையில் அட்டைகளுக்கு ஊட்டிய கோழியினப் பறவைகளின் இரத்தம் வழியாக வந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கணிப்பு. கிருமியைக் கொல்லப் போதாத, ஆனால் எதிர்ப்புள்ள கிருமிக்கு மட்டும் சாதகமான அளவு அது. அப்படித் தேறிய கிருமி அட்டையோடு சேர்ந்து வார்டுக்கு வந்தது.

அதனால் கவனமாகச் செய்கிற இடங்களில், வந்த அட்டைகளிலிருந்தோ அவை இருக்கும் தண்ணீரிலிருந்தோ மாதிரி எடுத்து, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று கல்ச்சர் (கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) பார்த்து வைத்துக்கொள்கிறார்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அட்டை தேவைப்படுவதோ அவசரத்தில். ஆகவே அட்டை வந்து இறங்கிய அன்றே மாதிரி அனுப்புவதில்தான் அர்த்தம் இருக்கிறது. உங்கள் மருத்துவமனையில் இதைச் செய்கிறார்களா என்று கேட்பதில் தப்பே இல்லை.

மருந்தை எப்போது தொடங்கி எப்போது நிறுத்துவார்கள்?

முதல் அட்டை கடிப்பதற்கு முன்பே தொடங்குவது நல்லது. அட்டை விடும் நாட்கள் முழுவதும் தொடரும். நிறுத்துவதில் மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபாடு உண்டு: சிலர் கடைசி அட்டைக்கு அடுத்த நாளோடு நிறுத்துவார்கள், சிலர் கடிவாய்கள் ஆறும்வரை தருவார்கள். வீட்டுக்கு மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தால், நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மாத்திரையாகத் தந்தால் ஊசி அளவுக்கு வேலை செய்யுமா?

சிப்ரோஃப்ளாக்சசின் வாய்வழியாகவும் நன்றாகவே இரத்தத்தில் சேரும். ஒரு நிபந்தனை: இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, வயிற்றெரிச்சலுக்கான ஆன்டாசிட் ஆகியவற்றோடு சேர்த்து விழுங்கக் கூடாது. பால், தயிரோடு மட்டும் விழுங்குவதும் கூடாது. அவை மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உடலில் ஏற விடாது. அட்டை விட்டவருக்கு இரத்தம் குறைந்து இரும்புச்சத்து மாத்திரையும் எழுதியிருப்பார்கள், இரண்டும் ஒரே டப்பாவில் காலை வேளைக்கு என்று கிடக்கும். சிப்ரோஃப்ளாக்சசினை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ சாப்பிடும்படி நேரம் பிரித்துக்கொள்ளுங்கள்.

அட்டை விடும்போது எப்படிச் செய்வார்கள்? அதில் தொற்றைத் தடுக்க என்ன இருக்கிறது?

இடத்தை சலைனாலோ சுத்தமான தண்ணீராலோ துடைப்பார்கள். சோப்பு, அயோடின், ஸ்பிரிட் வாசனை இருந்தால் அட்டை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நடுவில் சின்ன ஓட்டை வெட்டிய ஈரத் துணியை விரித்து, ஓட்டைக்குள் தெரியும் தோலில் மட்டும் அட்டையை விடுவார்கள். மெல்லிய முனைதான் தலைப்பக்கம். அது இங்கும் அங்கும் ஆடித் தேடிவிட்டு, ஓரிடத்தில் அசையாமல் நின்றுவிடும். பிறகு உடலில் மெதுவாக அலை ஓடுவது தெரியும். குடிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கடிக்கவில்லை என்றால் ஊசியால் லேசாகக் குத்தி ஒரு துளி இரத்தம் காட்டுவார்கள். 20 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை குடித்து, பருத்து, தானாக விழும். விழுந்த இடத்தில் பென்ஸ் கார் சின்னம் மாதிரி மூன்று கோடு கொண்ட காயம் இருக்கும்.

அது முடியும்வரை ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அட்டை நகர்ந்து தையல் இடைவெளிக்குள்ளோ, மூக்கு வாய்க்குள்ளோ போய்விடக் கூடாது. வைத்தது எத்தனை, திரும்ப எடுத்தது எத்தனை என்று எண்ணிக்கொள்வார்கள்.

விழாமல் ஒட்டிக்கொண்டே இருந்தால் உப்பு போடலாமா?

கூடவே கூடாது. உப்பு, வினிகர், ஸ்பிரிட், நெருப்பு எதுவும் வேண்டாம், பிடித்து இழுக்கவும் வேண்டாம். எரிச்சலான அட்டை குடலில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கும். அத்தனை ஏரோமோனாஸும் நேராக உள்ளே போகும். இழுத்தால் பல் உள்ளே தங்கவும் வாய்ப்பு உண்டு. எடுத்தே ஆக வேண்டும் என்றால் கையுறை போட்ட விரலை உறிஞ்சும் வாயின் ஓரத்தில் மெல்ல நுழைத்துப் பிடியை விடுவிப்பார்கள். அதையும் செவிலியர் செய்யட்டும், கூட இருப்பவர்கள் கை வைக்க வேண்டாம்.

குடித்து முடித்த அட்டையை மறுபடி பயன்படுத்துவார்களா?

மாட்டார்கள், அதே நோயாளிக்கும்கூட. 70 சதவீத ஆல்கஹாலில் போட்டுக் கொன்று, இரத்தம் பட்ட மருத்துவக் கழிவோடு அப்புறப்படுத்துவார்கள். ஒருவரைக் கடித்த அட்டையை இன்னொருவருக்கு விட்டால் ஹெபடைடிஸ் மாதிரி இரத்தவழி நோய்களும் பரவ வழியாகும்.

தொற்று வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? அந்த இடம் ஏற்கெனவே வீங்கித்தானே இருக்கிறது?

நல்ல கேள்வி. ஊதா நிறம், வீக்கம், கரும் இரத்தக் கசிவு எல்லாம் இரத்தத் தேக்கத்திலேயே வரும். கடிவாயைச் சுற்றி அரிப்பும் லேசான சிவப்பும் வருவதும் சகஜம். பார்க்க வேண்டியது திசையை. நாளாக ஆக நிறம் இளஞ்சிவப்புக்கு வர வேண்டும், வீக்கம் தளர வேண்டும். அப்படி இல்லாமல், குறைந்த வீக்கம் திரும்பக் கூடுகிறது, சிவப்பு தையலைத் தாண்டி நல்ல தோலில் பரவுகிறது, தொட்டால் சூடு, வலி ஏறுகிறது, கசிவு இரத்தமாக இல்லாமல் கலங்கலாகவோ பச்சையாகவோ வருகிறது, நாற்றம் அடிக்கிறது என்றால் உடனே சொல்ல வேண்டும். காய்ச்சலும் குளிரும் வரலாம். ஆனால் காய்ச்சல் வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதிவைப்பது எளிய, நல்ல பழக்கம்.

நேரம் என்று பார்த்தால், முதல் 24 மணி நேரத்திலேயே வந்தவர்களும் உண்டு, மூன்று நான்கு வாரம் கழித்து வந்தவர்களும் உண்டு. அதாவது வீட்டுக்குப் போன பிறகும் வரலாம். அப்போது வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால் "அட்டை விட்டார்கள்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணச் சீழ்க்காயம் என்று நினைத்து அமாக்சிசிலின் எழுதிக்கொடுப்பது இயல்பு. அது ஏன் உதவாது என்று மேலே பார்த்தோம்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

கல்லீரல் சிரோசிஸ் (கல்லீரல் சுருங்கி இறுகும் நோய்) உள்ளவர்களிடம் ஏரோமோனாஸ் மிக மோசமாக நடந்துகொள்ளும். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், கீமோ எடுப்பவர்கள், கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோயாளிகள் அடுத்த வரிசை. இவர்களில் சிலருக்கு அட்டையே வேண்டாம் என்று மருத்துவர் முடிவு செய்யலாம்.

நோயாளியைவிட முக்கியமான இன்னொன்று, ஒட்டிய சதையின் நிலை. தமனி அடைத்து, வெளிறி, குளிர்ந்துபோன சதைக்கு அட்டை உதவாது. இரத்தம் வராத இடத்துக்கு ஆன்டிபயாடிக்கும் போய்ச் சேராது. செத்த சதை கிருமிக்கு விருந்து. பிழைக்காது என்று தெரிந்த பிறகும் 'இன்னும் இரண்டு அட்டை விட்டுப் பார்ப்போமே' என்று நோயாளியின் குடும்பம் கெஞ்சுவது புரிகிறது. ஆனால் தொற்று தொடங்குவது பல நேரம் அங்கேதான்.

குளத்தில் பிடித்த அட்டையை வைத்தால் என்ன?

வேண்டாம். அதன் வகை தெரியாது, எதன் இரத்தத்தைக் குடித்தது தெரியாது, எந்தத் தண்ணீரில் இருந்தது தெரியாது. மருத்துவத்துக்கென வளர்த்ததை நீண்ட நாள் பட்டினி போட்டு அனுப்புகிறார்கள். அதிலேயே இவ்வளவு கவனம் தேவைப்படுகிறது.

தொற்று உறுதியானால் என்ன சிகிச்சை?

அட்டையை நிறுத்துவார்கள். காயத்திலிருந்தும் தேவைப்பட்டால் இரத்தத்திலிருந்தும் கல்ச்சர் அனுப்புவார்கள். முடிவு வரும்வரை காத்திருக்காமல் ஏரோமோனாஸைத் தாக்கும் மருந்தைச் சிரை வழியாக ஊசியாகத் தொடங்குவார்கள். தடுப்புக்குத் தந்த அதே மருந்தைத் தொடர்வதில் பயனில்லை, அதை மீறித்தானே வந்திருக்கிறது. மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் தந்தால் முதலில் அடங்கிய கிருமி சிகிச்சையின் நடுவே எதிர்ப்பைக் கூட்டிக்கொள்ளலாம், எனவே முன்னேற்றம் நின்றால் மறுபடி கல்ச்சர் பார்ப்பார்கள். சீழ் இருந்தால் வடிக்க வேண்டும், செத்த சதையை வெட்டி எடுக்க வேண்டும். சில நேரம் ஒட்டிய பகுதி முழுவதையும் எடுத்துவிட நேரும்.

அட்டை வேண்டாம் என்று சொல்லலாமா? வேறு வழி உண்டா?

சொல்லலாம், அது உங்கள் உரிமை. மீண்டும் அறுவை சிகிச்சை செய்து சிரையைத் திறப்பது, தோலில் சிறு கீறல்கள் போட்டு, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து விட்டுத் தொடர்ந்து கசியவிடுவது, விரல் என்றால் நகத்தை எடுத்துவிட்டு அங்கே ஹெப்பாரின் வைப்பது போன்ற வழிகள் இருக்கின்றன. இவற்றில் ஏரோமோனாஸ் பயம் இல்லை. இரத்த இழப்பு மட்டும் இதிலும் உண்டு. அட்டை விட்டவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது என்று ஒரு பெரிய தொகுப்பு சொல்கிறது. ஆகவே எந்த வழியானாலும் ஹீமோகுளோபினை அடிக்கடி பார்ப்பார்கள். முடிவெடுக்க மணிக்கணக்கில்தான் நேரம் இருக்கும் என்பதால், அறுவை சிகிச்சைக்கு முன்பு கையெழுத்து வாங்கும்போதே இந்தக் கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.